குட்டிப் பச்சோந்திக்கு எந்தக் கூண்டு? கூண்டுக்கு முன்னால் அறையைப் பாருங்கள்

பச்சோந்தியை வாங்கி வந்துவிட்டு அப்புறம் கூண்டு தேடுகிறவர்கள்தான் அதிகம். கொண்டுவந்த சின்னப் பெட்டியிலேயே குட்டி இரண்டு மூன்று நாள் கிடக்கும், தண்ணீர் குடிக்காது, பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அப்போதுதான் "என்ன கூண்டு நல்லது?" என்ற கேள்வியே வரும். நாயோ பூனையோ என்றால் அன்றைக்கு எப்படியாவது சமாளித்துவிடலாம். பச்சோந்திக்கு வெயில், மழை, காற்று, ஒளிந்துகொள்ள இடம் எல்லாமே நீங்கள் வாங்கும் அந்தப் பெட்டிதான். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம்: எந்த இனம் என்று முடிவு செய்யுங்கள், உங்கள் அறையை அளந்து பாருங்கள், அதற்கேற்ற கூண்டை வாங்குங்கள், ஒரு வாரம் வெறும் கூண்டை ஓட்டிப் பாருங்கள், கடைசியில் குட்டி.

படி 1: எந்த இனம், எத்தனை மாதம், ஆணா பெண்ணா

வளர்ப்பில் அதிகம் பார்க்கக்கூடியவை மூன்று. தலையில் உயரமான கொண்டையோடு இருப்பது யேமன் பச்சோந்தி. யேமனும் சவூதி அரேபியாவும் அதன் சொந்த இடம். மடகாஸ்கரிலிருந்து வந்தது பேந்தர் பச்சோந்தி, நிறத்துக்குப் பேர்போனது. ஆணுக்கு மூன்று கொம்பு முளைப்பது ஜாக்சன் பச்சோந்தி, கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிக்காரன், குளிர்ச்சி வேண்டும். முதல் இரண்டுக்கும் கூண்டுத் தேவை ஏறக்குறைய ஒன்றுதான். ஜாக்சனுக்கு வெப்பத்தை ஒரு படி குறைத்து, ஈரத்தை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். அந்த வயதுக்கு முன்னால் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றுமே இருக்காது. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடிவிடும். யேமன் இனத்தில் ஆணா பெண்ணா என்பது பொரித்த நாளிலிருந்தே தெரியும்: ஆண் குட்டியின் பின்னங்கால் குதிகாலில் சின்னதாக ஒரு முள் மாதிரிப் புடைப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. இதை ஏன் இப்போதே பார்க்கச் சொல்கிறேன் என்றால், பெண் என்றால் கூண்டின் அடிப்பகுதியை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

இன்னொன்று. தோட்டத்தில் கண்ட பச்சோந்தியைப் பிடித்து அடைக்கிற வேலை வேண்டாம். பெரும்பாலான பச்சோந்தி இனங்கள், காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். வளர்ப்பிலேயே பிறந்த குட்டி, அதற்கான தாள்களோடு, இதுதான் ஒரே வழி. காட்டிலிருந்து பிடித்தது என்றால் ஒட்டுண்ணிகளும் பயமும் சேர்ந்தே வரும், எவ்வளவு நல்ல கூண்டும் அதைச் சரிசெய்யாது.

படி 2: அறையை அளந்து பாருங்கள்

வலைக்கூண்டா கண்ணாடியா என்று ஊரெல்லாம் சண்டை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் அறையை வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து காட்டுகிற டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி, கூண்டு வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். காலையில், மதியம், படுக்கப்போகும் முன், முடிந்தால் விடியற்காலையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முள் சுற்றுகிற மலிவான வட்டக் கருவிகளை நம்பாதீர்கள், பத்து இருபது சதவீதம் சர்வசாதாரணமாகத் தப்பாகக் காட்டும்.

நமக்கு வேண்டியது இது: யேமன், பேந்தர் இரண்டுக்கும் பகலில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும், இரவில் 80க்கு மேல் ஏறட்டும். அறையின் வெப்பம் பகலில் 22 முதல் 25 டிகிரி, இரவில் 20க்குப் பக்கத்தில் இறங்கினால் நல்லது. இந்த இரவு இறக்கத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. குளிர்ந்த, ஈரமான இரவில்தான் பச்சோந்தி நன்றாகத் தூங்கி, மூச்சு வழியாகப் போகும் நீரையும் மிச்சம் பிடிக்கிறது. அறையில் ஏசி காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராக அடிக்கும் மூலை என்றால் அந்த மூலையை இப்போதே கழித்துவிடுங்கள்.

படி 3: வலையா, கண்ணாடியா, இரண்டும் கலந்ததா

அறை பெரும்பாலான நாள் 50 சதவீதத்துக்கு மேல் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நான்கு பக்கமும் அலுமினிய வலை உள்ள கூண்டு. காற்று தாராளமாகப் போய் வரும், தெளித்த தண்ணீர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. பச்சோந்திக்கு வரும் மூச்சுத் தொற்றுக்குப் பெரிய காரணம் ஈரம் அல்ல, நகராத ஈரக்காற்று. பகல் வெப்பத்தோடு அந்தத் தேங்கிய ஈரம் சேர்ந்தால்தான் வினை.

அறை வறண்டது, அல்லது குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி 30 சதவீதத்துக்குக் கீழே போகிறது என்றால் முழு வலைக்கூண்டில் நாள் பூராவும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கூண்டு ஈரமாகாது, சுவர்தான் ஈரமாகும். அங்கே கலப்புக் கூண்டு சரியாக வரும்: பக்கங்கள் பிவிசி பலகையோ அக்ரிலிக்கோ கண்ணாடியோ, மேற்புறம் முழுக்க வலை, முன்கதவுக்குக் கீழே ஒரு நீளமான காற்றுப் பட்டை. மேலே விளக்கின் சூட்டில் காற்று எழும்பி வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பட்டை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கீழே அந்தப் பட்டை இல்லாத கண்ணாடித் தொட்டியில் இது நடக்காது. மீன் தொட்டியைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ பச்சோந்திக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வாங்கும் முன்போ, வாங்கி வெறுமையாக இருக்கும்போதோ, சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மேல் விளக்கைப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்க்காற்றுப் பட்டைக்கு வெளியே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு, இலைகளுக்கு நடுவே மெதுவாக ஏறி மேல் வலை வழியாக வெளியேறினால் கூண்டு மூச்சு விடுகிறது. உள்ளே போன புகை பாதியிலேயே மிதந்து நின்றால் அந்தக் கூண்டு வேண்டாம். இதை வெறும் கூண்டில் மட்டும் செய்யுங்கள், குட்டி வந்தபிறகு புகை என்ற பேச்சே கூடாது.

கண்ணாடியில் இன்னொரு தொல்லை பிம்பம். அறை இருட்டாகி, கூண்டு விளக்கு மட்டும் எரியும்போது உள்பக்கச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாகவே மாறிவிடும். சில குட்டிகள் கண்டுகொள்ளாது, சில குட்டிகள் எதிரி வந்துவிட்டான் என்று நிறம் கறுத்து ஊதிக்கொண்டு நிற்கும். பக்கச் சுவர்களில் செடிகொடியோ கார்க் பட்டையோ வைத்து மறைத்தால் தீர்ந்துவிடும்.

முழு வலைக்கூண்டிலும் நான்கு பக்கமும் திறந்து கிடந்தால் குட்டிக்குப் பாதுகாப்பு உணர்வு வராது. பின்புறம் சுவரோடு ஒட்டட்டும், ஒரு பக்கத்தையாவது பலகையாலோ அடர்ந்த செடியாலோ மறைத்துவிடுங்கள்.

படி 4: அளவு, அதாவது பெரிய விவாதம்

வளர்ந்த ஆண் யேமனுக்கும் பேந்தருக்கும் குறைந்தபட்சம் 60 × 60 × 120 செ.மீ. கூண்டு வேண்டும், கடைசி எண் உயரம். பெண்ணுக்கு 45 × 45 × 90 செ.மீ. போதும் என்பார்கள், பெரிதாக இருந்தால் அதுவும் வேண்டாம் என்று சொல்லாது. குட்டிக்கு? இங்கேதான் இரண்டு கட்சி.

பழைய கட்சி சொல்வது: குட்டியைச் சின்னக் கூண்டில் வை, பெரிய கூண்டில் விட்டால் அதற்கு இரை கிடைக்காது, நீயும் அதைக் கண்காணிக்க முடியாது. இதில் உண்மை இருக்கிறது. பொரித்துச் சில வாரமே ஆன குட்டிக்குச் சின்ன இடம்தான் சரி, ஆனால் அந்த வயதில் அது வளர்ப்பவரிடம்தான் இருக்க வேண்டும், உங்களிடம் இல்லை.

மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு நான் நேராகப் பெரிய கூண்டையே சொல்வேன். முக்கியக் காரணம் வெப்பம். 40 செ.மீ. உயரப் பெட்டியின் மேல் சூடு தரும் வெயில் விளக்கு ஒன்றை மாட்டினால் மேலும் கீழும் நடுவும் எல்லாம் ஒரே சூடு. குட்டி சூடேறிப்போனால் தப்பிக்க இடம் இல்லை, அதன் உடம்போ விரல் நீளம், சில நிமிடத்தில் சூடாகிவிடும். 120 செ.மீ. கூண்டில் மேல் கிளை 29 டிகிரி இருக்கும்போதே அடியில் 22, 23தான் இருக்கும். எங்கே உட்கார வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். காட்டில் இந்தக் குட்டிகள் சின்னப் பெட்டிக்குள் வளரவில்லை, செடிகொடிகளுக்குள்தான் வளர்கின்றன, இரையையும் கண்டுபிடிக்கின்றன. அந்தக் கண்கள் அதற்காகவே தனித்தனியாகச் சுழல்கின்றன.

இரை விஷயத்துக்கு வழி எளிது: பூச்சிகளைக் கூண்டு முழுக்க அவிழ்த்துவிடாமல், உயரமான ஒரு கோப்பையில் போட்டு, அதன் பின்சுவரில் வலைத்துண்டு ஒன்றை ஒட்டி, வெயில் கிளைக்கு, அதாவது வெயில் விளக்கின் அடியில் இருக்கும் கிளைக்குக் கொஞ்சம் கீழே தொங்கவிடுங்கள். பூச்சிகள் வலையில் ஏறும், குட்டி கிளையிலிருந்தே நாக்கை நீட்டும். எத்தனை தின்றது என்பதும் தெரிந்துவிடும்.

பணமோ இடமோ இப்போதைக்கு இடிக்கிறது என்றால் 40 × 40 × 75 செ.மீ. கூண்டில் தொடங்கலாம், ஆனால் யேமன் குட்டி ஐந்தாறு மாதத்தில் வயதுக்கு வந்துவிடும் வேகத்தில் வளரும் என்பதை மறக்காதீர்கள். மொத்தத்தில் இரண்டு கூண்டுக்கும் செலவு செய்வீர்கள், நடுவில் இடம் மாற்றுகிற அதிர்ச்சி குட்டிக்கு இனாம்.

உயரத்தை மட்டும் பார்த்து ஒல்லியான தூண் மாதிரிக் கூண்டை வாங்கிவிடாதீர்கள். பச்சோந்தி ஏறுவதைவிட அதிகம் செய்வது கிளையில் பக்கவாட்டில் நடப்பது. அகலம் குறைந்தால் வெயிலில் ஓர் இடம், நிழலில் ஓர் இடம் என்று பிரிக்கவே முடியாது.

ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்தி. அண்ணன் தம்பிக் குட்டிகள் ஒன்றாகத்தானே இருந்தன என்று இரண்டை வாங்காதீர்கள். பார்க்கச் சேர்ந்து கட்டிக்கொண்டு கிடப்பது போல இருக்கும். உண்மையில் ஒன்றை ஒன்று மிதித்து நல்ல வெயிலிடத்தைப் பிடிக்கிறது, தோற்றது மெலிந்துகொண்டே போகும். இரண்டு கூண்டு வைத்தாலும் ஒன்று மற்றதைப் பார்க்காதபடி நடுவில் மறைப்பு வேண்டும்.

படி 5: மேற்புறமும் விளக்கும்

கூண்டு வாங்கும்போது மேற்புறத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிரான யுவிபி இல்லாமல் பச்சோந்தியின் தோலில் டி3 வைட்டமின் உண்டாகாது, அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. வளரும் குட்டிக்கு இது சீக்கிரமே காட்டிக்கொடுக்கும்: முன்னங்கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், நாக்கு குறி தவறும். வளைந்தது அப்புறம் நேராவதில்லை.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் யுவிபியை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். ஜன்னலோரத்தில் வைத்துவிட்டேன், வெயில் வருகிறது என்பது கணக்கில் சேராது. ஆகவே மேற்புறம் வலையாகத்தான் இருக்க வேண்டும். வலையும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கதிரை விழுங்கும், நெருக்கமான வலை இன்னும் அதிகம். சுருள் வடிவச் சின்ன பல்பு வேண்டாம், கூண்டின் அகலத்துக்கு நீளமான டி5 எச்ஓ (மெல்லிய, ஒளி அதிகம் தரும்) குழல் விளக்கு, 6 சதவீத யுவிபி, பின்னால் பிரதிபலிப்புத் தகடோடு. வலைக்கு மேல் விளக்கை வைத்து, வெயில் கிளையில் நிற்கும் குட்டியின் முதுகு குழலிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளி இருக்கும்படி கிளையைக் கட்டுங்கள். யுவி குறியீட்டுக் கருவி எங்கேயாவது இரவல் கிடைத்தால் அந்த இடத்தில் 3க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். குழல் எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் தேய்ந்துகொண்டே போகும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வெயில் விளக்கு சாதாரண வெள்ளை ஒளி பல்பே போதும். குட்டிக்கு வெயில் கிளையில் 28, 29 டிகிரிக்கு மேல் வேண்டாம். விளக்கைக் கூண்டுக்குள் எக்காரணம் கொண்டும் தொங்கவிடாதீர்கள். வெளியேகூட வலைமேல் நேரடியாக வைக்காமல் கொஞ்சம் தூக்கி வையுங்கள், ஏனென்றால் குட்டி கூரை வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும், கொண்டை சுடுவது அதற்கு உறைக்கும் முன் கொப்புளம் வந்திருக்கும். சூடாகும் கல், இரவுச் சிவப்பு விளக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு, ஒரு டைமர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

படி 6: வலைக்கண், கதவு, அடித்தட்டு

கண்ணி நெருக்கமாக, விளிம்பு மழுங்கலாக இருக்கட்டும். பெரிய கண்ணியில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும், சின்னப் பூச்சிகளும் தப்பிப்போகும். நைலான், ஃபைபர் வலைகளைச் சுவர்க்கோழிப் பூச்சிகள் ஒரு இரவில் கடித்து ஓட்டை போட்டுவிடும், அலுமினியம் நல்லது. முன்பக்கம் பெரிய கதவு ஒன்று, கீழே சுத்தம் செய்யத் தனியாகச் சின்னக் கதவு ஒன்று. மேலிருந்து மட்டும் திறக்கிற கூண்டு வேண்டாம்: மேலிருந்து இறங்கும் கை பச்சோந்திக்குப் பருந்துதான்.

தண்ணீர் தினமும் விழப்போகிறது, அது போக வழி வேண்டும். அடித்தட்டில் துளையும் அதற்குக் கீழே இழுத்துக் கொட்டக்கூடிய தட்டும் இருக்கிறதா பாருங்கள். குட்டிக்கு அடியில் மண், மரத்தூள், தேங்காய் நார் எதுவும் போடாமல் வெறுமையாக விடுவதுதான் சுலபம். எச்சம் தெரியும், நாக்கோடு மண் ஒட்டி வயிற்றுக்குள் போகாது.

படி 7: உள்ளே என்ன

பச்சோந்தியின் பாதத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஐந்து விரலும் இரண்டு மூன்றாகக் கட்டுப்போட்ட மாதிரிச் சேர்ந்து இடுக்கி போல இருக்கும். குட்டியின் பிடி பென்சில் கனமுள்ள குச்சியைச் சுற்றித்தான் சரியாக மூடும். தடித்த கட்டையில் விட்டால் பாதம் விரிந்து வழுக்கும், வழவழப்பான மூங்கிலிலும் அப்படித்தான். அதனால் மெல்லிய குச்சி அதிகமாக, வளர்ந்தபின் பயன்படும் கொஞ்சம் தடித்த கிளைகள் சில, ஒன்றோடு ஒன்று தொடும்படி கட்டுங்கள். கூண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வலையைத் தொடாமலே நடந்து போக முடிகிறதா என்று விரலால் தடம் பிடித்துப் பாருங்கள்.

செடிகளில் மணி பிளான்ட், குடைச்செடி எனப்படும் ஷெஃப்ளெரா, செம்பருத்தி எல்லாம் வளர்ப்பவர்கள் வழக்கமாக வைப்பவை. யேமன் பச்சோந்தி இலையையும் தின்னும், அதனால் நல்ல இடத்தைச் செம்பருத்திக்கே கொடுங்கள். பூச்சிமருந்து அடித்திருக்கலாம், இலைகளை இரண்டு பக்கமும் நன்றாகக் கழுவி, மேல்மண்ணை மாற்றி, சில வாரம் தனியே வைத்துவிட்டு உள்ளே விடுங்கள். பிளாஸ்டிக் செடி யேமனுக்கு ஆபத்து, கடித்து விழுங்கிவிடும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் குடிக்காது. இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். விளக்கு வருவதற்கு முன்னும் அணைந்த பின்னும் இரண்டு நிமிடம் தெளிப்பு, பகலில் கொஞ்ச நேரம் சொட்டுக்குழாய். தண்ணீரை மூடுபனி போல ஆக்கும் கருவி வாங்கினால் அது இரவுக் குளிருக்கு மட்டும்.

பெண் குட்டி என்று தெரிந்தால், யேமன் பெண் துணையே இல்லாமல் ஐந்தாறு மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கலாம். தோண்ட இடம் இல்லையென்றால் முட்டையை அடக்கிவைத்தே செத்துப்போகும். ஈர மணல் நிரம்பிய, 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி ஒன்று உள்ளே நுழைகிற அளவுக்குக் கீழ்க்கதவும் தரையும் இருக்கிறதா என்று கடையிலேயே அளந்துவிடுங்கள். செடி, கிளைகளைப் பிரிக்காமல் தொட்டியை உள்ளே வைக்க முடிய வேண்டும்.

படி 8: எங்கே வைப்பது, எப்படிச் சோதிப்பது

தரையில் வைக்காதீர்கள். கூண்டின் மேல் கிளை உங்கள் கண்ணைவிட உயரத்தில் இருக்கும்படி உறுதியான மேசை மேல் ஏற்றுங்கள். உங்களைக் கீழே பார்க்கிற பச்சோந்தி நிம்மதியாக இருக்கும். டிவி பக்கத்தில், ஆட்கள் நடமாடும் வழியில், சமையல் புகை வரும் இடத்தில் வேண்டாம்.

இனி குட்டி இல்லாமல் ஒரு வாரம். வெப்பமானியின் முனையை வெயில் கிளையிலேயே, குட்டியின் முதுகு வரக்கூடிய உயரத்தில் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் புறங்கையையும் அங்கே கொஞ்ச நேரம் வையுங்கள். சுருக்கென்றால் விளக்கை உயர்த்துங்கள். காலையில் தெளித்த இலைகள் மதியத்துக்குள் காய்கின்றனவா, அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நாற்றம் வருகிறதா, இரவு ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, விளக்கையும் தெளிப்பு நேரத்தையும் இப்போதே திருத்திவிடலாம்.

குட்டி வந்த முதல் இரண்டு வாரம் கையில் எடுக்காதீர்கள், தூரத்தில் இருந்து பாருங்கள். காலையில் பக்கவாட்டாக உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்ந்து, பிறகு வெளுத்த நிறத்தோடு இலைக்குள் போனால் எல்லாம் சரி. நாள் முழுக்கக் கறுத்து விளக்கடியிலேயே கிடந்தால் கூண்டு குளிர்கிறது. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால் சூடு அதிகம். வலையில் ஏறி ஏறி இறங்கினால் பெரும்பாலும் மறைவிடமோ கிளையோ போதவில்லை, செடி கூட்டுங்கள். எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் போதும். ஆரஞ்சு நிறம் வந்தால் தெளிப்பு நேரத்தைக் கூட்டுங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் தரையில் கிடந்தால் அப்போது கூண்டை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்திருங்கள்.